கண்ணால் கேட்ட நகரம்

பயணக் கட்டுரை எழுதுவோர் ஓர் ஊரின் சிறப்பைக் கூறும்போது, அவ்வூர்க் கோயிலின் மணியோசையையும், சந்தையின் இரைச்சலையும், மக்கள் பேசும் மொழியின் இனிமையையும் மறவாமல் குறிப்பிடுவர். புனே நகரைப் பற்றி நான் எழுதப் புகும் இக்கட்டுரையில் அவற்றுள் ஒன்றும் இராது. மூன்றாம் வயதில் வந்த மூளைக் காய்ச்சலில் என் இரு செவிகளும் கேட்கும் திறனை இழந்தன. 2012ஆம் ஆண்டு முதல் இந்நகரில் வாழ்ந்து வருகிறேன். இதன் ஒரு சொல்லையேனும் காதால் கேட்டதில்லை. ஆயினும் இதனை நன்கறிவேன். பிறந்த மண்ணில் வளர்ந்த அளவைவிட மிகுதியாக நான் வளர்ந்தது இங்கேதான். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். அதற்கான காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் வழக்கில் என்னைப் போன்றவனுக்கு இரண்டு பட்டங்கள் உண்டு: ஒன்று செவிடன், மற்றொன்று ஊமை. முன்னது உடற்குறையைச் சுட்டுவது. கேட்க இனிதன்று எனினும் அதில் பொய் இல்லை. பின்னதோ பொய். எங்களில் பெரும்பாலோர்க்குக் குரல்வளையும் நாவும் பழுதின்றியே உள்ளன. ஒலியைக் கேட்டறியாததால் ஒலியைப் பின்பற்றிப் பேசுதல் அரிதாகிறது, அவ்வளவே. வாய் பேசவில்லை என்பதால் மொழியே இல்லை என்று முடிவு கட்டுவது, தமிழ் தெரியாத ஒருவனைப் பேச்சறியாதவன் என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

பூனாவுக்கு வந்த கதை

என் ஊர் திருநெல்வேலிச் சீமை. நான் பயின்றது பாளையங்கோட்டையில். செவி கேளாக் குழந்தைகளுக்காக இந்தியாவில் தோன்றிய முதற் பள்ளி 1885ஆம் ஆண்டளவில் பம்பாயில் நிறுவப்பட்டது. கல்கத்தாவில் 1893இலும், நம் பாளையங்கோட்டையில் 1897இலும் பள்ளிகள் எழுந்தன. பாளையங்கோட்டைப் பள்ளியைத் தொடங்கியவர் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்னும் ஆங்கிலேய அம்மையார். நெல்லைச் சீமையில் எங்களைப் போன்றோர்க்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது என்பதை நம்மவர் பலர் அறியார்.

பத்தாம் வகுப்புத் தேறியபின் சில ஆண்டுகள் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பின்னர், உடற்குறையுள்ளோர்க்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய இடங்களுள் ஒன்றில், ரயில்வேயின் கடைநிலை ஊழியனாகப் புனேயில் சேர்ந்தேன். துறைத் தேர்வு எழுதி எழுத்தரானது அதன்பின். செவிப்புலன் அற்றோர்க்கு அச்சட்டம் நூற்றுக்கு ஒன்று என ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதே அளவை நிலைநிறுத்தியுள்ளது.

நாகர்கோவிலிலிருந்து மும்பைக்குச் செல்லும் விரைவு வண்டியில் திருநெல்வேலியில் ஏறினேன். மதுரை, குண்டக்கல், சோலாப்பூர் எல்லாம் கடந்து புனே வந்து இறங்கினேன். வழியில் பெயர்ப் பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து தெலுங்காகவும், கன்னடமாகவும், இறுதியில் தேவநாகரியாகவும் மாறிக்கொண்டே வந்தது. எதிரே அமர்ந்திருந்த பெரியவர், “அங்கே போய் மொழி தெரியாமல் என்ன செய்வாய், தம்பி?” என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவர் அன்போடு கேட்ட கேள்விதான். ஆயினும் எனக்குச் சிறிது நகைப்பு வந்தது. ஊரில் இருந்தபோது மட்டும் மொழி தெரிந்தா வாழ்ந்தேன்? என் வீட்டுத் திண்ணையில் பத்துப்பேர் கூடிப் பேசுவர்; நான் அவர்களுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ‘பாலை’ என்றாலும் ‘மாலை’ என்றாலும் உதடு ஒன்றுபோலவே கூடித் திறக்கும். ‘பாடு’ என்பதையும் ‘மாடு’ என்பதையும் பிரித்தறிய உதடு உதவாது. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். காரணம் கேட்டால், “பிறகு சொல்கிறோம்” என்று கையசைப்பர். அந்தப் ‘பிறகு’ ஒருநாளும் வந்ததில்லை. பிற மொழி பேசும் நாட்டிற்கு வந்த தமிழன் முதலாண்டில் படும் துன்பம் எதுவோ, அதுவே செவி கேளாதவன் தன் பிறந்த வீட்டில் ஆயுள் முழுதும் படும் துன்பம். ஆதலின் அயலூர் வாழ்வு எனக்குப் புதிதன்று.

கண்ணுக்குப் புலனாகும் ஊர்

புனேயை நம் முதியோர் இன்றும் பூனா என்றே வழங்குவர். 1858ஆம் ஆண்டு ரயில் இவ்வூரை வந்தடைந்தது. போர் கணவாயின் மலைப்பாதை முற்றுப்பெற்றது 1863இல். இப்போதுள்ள நிலையக் கட்டடம் 1925ஆம் ஆண்டினது. ரயிலும் இராணுவமும் தொழிற்சாலைகளும் அழைத்து வர, தமிழர் தலைமுறை தலைமுறையாக இங்கே குடியேறினர். கட்கியிலும், கேம்ப் பகுதியிலும், ராஸ்தா பேட்டையிலும் நம்மவர் இல்லங்கள் மிகுதி. ராஸ்தா பேட்டையில் என் தாய்மாமன் வீட்டில்தான் முதலில் தங்கினேன். அங்குள்ள கடைகளில் அப்பளமும் காப்பிப்பொடியும் வாங்கும்போது கைகாட்டினாலே போதும். அந்தத் தெருவில் நானும் மற்றவரும் சமம்.

இந்நகரின் பெருமைமிகு சின்னம் சனிவார் வாடா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டி 1732இல் குடிபுகுந்த அரண்மனை அது. 1828இல் தீக்கிரையாகி இன்று மதிலும் வாயிலும் அடித்தளமுமே எஞ்சியுள்ளன. 1773இல் இளம் பேஷ்வா நாராயணராவ் அங்கே கொலையுண்டார். சித்தப்பாவைக் காப்பாற்றும்படி அழைத்த அவருடைய அலறல் நிறைமதி இரவுகளில் இன்றும் கேட்பதாக ஊரார் நம்புகின்றனர். என் அலுவலக நண்பர்கள் அந்தி சாய்ந்தபின் அப்பக்கம் நிற்கத் தயங்குவர். எத்தனை அலறல்கள் எழுந்தாலும் எனக்கு அச்சமில்லை என்று எழுதிக் காட்டினேன். அன்றுமுதல் அவர்கள் என்னிடம் அஞ்சாமல் வேடிக்கை பேசத் தொடங்கினர். குறையுள்ளவனிடம் எப்படிப் பழகுவது என்ற கூச்சம் அவர்களிடையே இருந்தது. ஒரு நகைச்சுவை அதைப் போக்கியது.

இவ்வூரில் எனக்கு இடையூறு செய்வது எது என்று கேட்டால், துப்பட்டா என்பேன். புனே இருசக்கர வண்டிகளின் நகரம். பெண்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் அஞ்சி முகம் முழுவதையும் துணியால் சுற்றிக்கொண்டு கண்மட்டும் தெரிய வண்டி ஓட்டுவர். அத்துணியோடு யாரேனும் வழி கேட்டால் உதட்டைப் படிக்க வழியில்லை. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக் காலத்தில் ஊரே முகக்கவசம் அணிந்தபோது, எனக்கு உலகின் பாதி முகம் மறைந்துபோயிற்று. அந்நாளில் வங்கியிலும் மருந்துக் கடையிலும் ஒரு சிறு கரும்பலகையும் சுண்ணாம்புக்கோலும் எடுத்துச் சென்றேன்.

இடையூறு இருப்பதுபோல் இன்பமும் உண்டு. லோகமான்ய திலகர் 1890களில் பொதுவிழாவாக வளர்த்த பிள்ளையார் திருவிழாவின் இறுதி நாளில், லட்சுமி சாலையில் ஊர்வலம் செல்லும். கஸ்பா கணபதி முதலாக மானம் பெற்ற ஐந்து பிள்ளையார்கள் முறைப்படி முன்னே எழுந்தருள்வர். டோல், தாஷா என்னும் பறைகளை நூற்றுக்கணக்கான இளைஞர் ஒருசேர முழக்குவர். அவ்வொலி என் காதுக்கு எட்டாது; ஆனால் நெஞ்செலும்பில் வந்து மோதும். காலடித் தரை அதிரும். கையிலுள்ள தேநீர்க் கோப்பையில் சிற்றலைகள் எழும். அன்று ஒரு விந்தை நிகழும். கேட்கும் திறன் உடையோர் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துக் கத்துவர். பயனின்றிக் கைகளை ஆட்டுவர். நாங்கள் ஐந்தாறு நண்பர்கள் சாலையின் இருபுறமும் நின்று, பறை முழக்கத்தின் குறுக்கே நிதானமாக உரையாடிக்கொண்டிருப்போம். அந்த ஒருநாள் ஊர் முழுதும் செவிடு. நாங்கள் மட்டும் பேசுவோர்.

ரயில் கற்பித்த பாடம்

என் உத்தியோகம் ரயில்வேயில் என்பதால் ஒன்றைத் துணிந்து கூறுவேன். சைகையின் மதிப்பை ரயில்வே அறிந்ததுபோல் வேறெந்தத் துறையும் அறியாது. தண்டவாளத்தருகே நிற்கும் சிக்னல் மரத்திற்கு நம் மக்கள் இட்ட பெயர் என்ன? கைகாட்டி. எவ்வளவு பொருத்தமான பெயர்! எஞ்சினின் இரைச்சலில் எவன் குரலும் எட்டாது என்பதை உணர்ந்த முன்னோர், உயிர்காக்கும் செய்திகளையெல்லாம் கண்ணிடமே ஒப்படைத்தனர். பகலில் கொடி, இரவில் விளக்கு. பச்சைக் கொடியை அசைக்காமல் நீட்டினால் ‘செல்க’. அதையே மேலும் கீழும் மெல்ல அசைத்தால் ‘எச்சரிக்கையுடன் செல்க’. கொடி கையில் இல்லையேல் வெறுங்கையே கொடியாகும். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினால் ‘நில்’. இரவில் ஆபத்து நேர்ந்து சிவப்பு விளக்கு இல்லாதபோது, வெள்ளை விளக்கை உடலின் குறுக்கே வேகமாக வீசினாலும் வண்டி நிற்க வேண்டும். ஓர் அசைவின் திசையும் வேகமும் மாறினால் பொருளே மாறும் என்னும் இவ்விலக்கணம், எங்கள் சைகைமொழியின் இலக்கணத்திற்கு நெருங்கிய உறவினது.

ஆனால், அதே ரயில் நிலையத்தில் பயணிக்குச் சொல்லப்படும் செய்தி பெரிதும் ஒலிபெருக்கி வழியாகவே வருகிறது. நடைமேடை திடீரென மாறினால் கூட்டம் முழுவதும் படிக்கட்டை நோக்கி ஓடும். எங்களைப் போன்றோர் காரணமறியாது நிற்போம். மின்பலகைகளும் கைப்பேசிச் செய்திகளும் வந்தபின் இத்துன்பம் குறைந்துள்ளது. சங்கத்து அன்பர்கள் பயணம் செய்யும்போது, எல்லோரும் ஓட ஒருவர் மட்டும் நின்றால், அவர் தோளைத் தொட்டு எண்ணை விரலால் காட்டுங்கள். அதுவே பேருதவி.

கட்டணச் சலுகையைப் பற்றியும் கேட்பவர் உண்டு. செவிப்புலனும் பேச்சும் முற்றிலும் இழந்தவர்க்கும், உடன் செல்லும் ஒருவர்க்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, முதல் வகுப்பு ஆகியவற்றில் நூற்றுக்கு ஐம்பது சலுகை உண்டு. மாதச் சீட்டுக்கும் அவ்வாறே. அரசு மருத்துவரின் சான்று வேண்டும். இங்கே ஒரு நுட்பம்: இரண்டு குறைகளும் ஒருவரிடமே சேர்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி. செவி முற்றும் கேளாத ஒருவர் அரும்பாடுபட்டு வாய்ப்பேச்சுக் கற்றுக்கொண்டால் இவ்விதியின் எல்லைக்கு வெளியே போகிறார். செவிடும் ஊமையும் ஒன்றே என்ற பழைய எண்ணம் சட்டப் புத்தகத்திலும் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

குளிர்பதனப் பெட்டியின் கண்ணாடிச் சன்னலைப் பாருங்கள். வெளியே நிற்கும் உறவினர் வாய்திறந்து ஏதோ கூறுவர். உள்ளே இருப்பவர்க்கு ஒன்றும் விளங்காது. வெறும் கையசைப்போடு விடைபெறுவர். எங்கள் நண்பன் ஒருவன் அப்பெட்டியில் ஏறினால், வண்டி நகர்ந்து நடைமேடையின் முனை தாண்டும்வரை எங்கள் பேச்சு நில்லாது. எங்களுக்குத் தடை வேறொன்று: இருள். புனேயிலிருந்து மும்பை 192 கிலோமீட்டர். டெக்கான் குயின் என்னும் புகழ்பெற்ற வண்டி 1930ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் இப்பாதையில் ஓடுகிறது. லோனாவாலாவைத் தாண்டியதும் மலைச் சுரங்கங்கள் இருபதுக்கு மேல் வரும். விளக்கு எரியாத பெட்டியாயின், ஒவ்வொரு சுரங்கத்திலும் எங்கள் பேச்சு பாதியில் அறுபடும். வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மும்பை புறநகர் வண்டிகளில் உடற்குறையுள்ளோர்க்கென ஒரு பெட்டி ஒதுக்கப்பட்டுள்ளது. அச்சிறு பெட்டியையே செவி கேளாதோர் தங்கள் சங்க மண்டபமாக ஆக்கிக்கொண்டனர். வேலை, திருமணம், வாடகை வீடு, அரசு அறிவிப்பு என எல்லாச் செய்திகளும் அங்கே கைமாறும். பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த அன்னலீஸ் கஸ்டர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், தாமும் செவி கேளாதவர், இவ்வழக்கத்தை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செவி கேளாதவர் மும்பைக் கடைக்காரரோடும் வழிப்போக்கரோடும் எவ்வாறு கைச்சாடையால் உரையாடுகின்றனர் என்பதைக் காட்டும் ‘இஷாரே’ என்ற படத்தையும் 2015இல் எடுத்தார். ஓய்வு நாளில் நான் மும்பை சென்று அப்பெட்டியில் பயணம் செய்வதுண்டு. முதன்முறை ஏறியபோது, நுழைந்த கணமே ஏழெட்டு முகங்கள் திரும்பி, ‘எவ்வூர்?’ என்று கேட்டன. என் ஊர்த் திண்ணையில் கிட்டாத வரவேற்பு அது.

கைகளின் மொழி

புனேக்கு வந்த முதல் ஞாயிறன்று நிலையத்தின் நடைமேம்பாலத்தின் அடியில் இருவர் கைகளால் பேசிக்கொண்டிருக்கக் கண்டேன். அருகே சென்று கைகூப்பினேன். அவர்கள் மராத்தியர், நான் தமிழன். பாளையங்கோட்டை விடுதியில் நாங்கள் பழகிய சைகைகளில் கிழமைப் பெயர்களும் சில உறவுமுறைகளும் அவர்களுடையவற்றின் வேறாக இருந்தன. ஆயினும் இரண்டு மணி நேரத்தில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் அறிந்துகொண்டோம். என் மாமன் இந்நகரில் இருபதாண்டுகள் வாழ்ந்தும் மராத்தியில் கடைக்குப் போய்வரும் அளவே பேசுவார். எனக்கோ ஒரே மாலையில் மராத்திய நண்பர் வாய்த்தனர். அவர்கள் எனக்கு ஒரு பெயரும் இட்டனர். எங்கள் வழக்கில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கைப்பெயர் உண்டு. நெற்றியில் மூன்று விரல்களால் குறுக்கே இழுப்பது என் பெயர். அன்று நான் பூசியிருந்த விபூதியால் வந்தது. திருநீறு பூசாத நாளிலும் அதுவே பெயர்.

இது எவ்வாறு இயன்றது? மதன் வசிஷ்டா என்பவர் இமாசலப் பிரதேசத்தில் பிறந்து பதினோராம் வயதில் செவிப்புலன் இழந்தவர். அமெரிக்கா சென்று உயர்கல்வி பெற்றார். அவரும் உட்வர்டு, வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1970களின் இறுதியில் டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவை தனித்தனி மொழிகள் அல்ல, ஒரு மொழியின் வட்டார வழக்குகளே என்று கண்டனர். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் போல என்று கொள்ளலாம். ஆண் என்பதற்கு மீசை. பெண் என்பதற்கு மூக்குத்தி அணியும் இடத்தைத் தொடுதல். வினைச்சொல் நம் தமிழைப் போலவே பெரும்பாலும் வாக்கியத்தின் பின்னே வரும். யார், எங்கே என்னும் வினாச் சொல்லோ எல்லாவற்றுக்கும் இறுதியில் நிற்கும். புருவமும் தலையசைவும் இலக்கணத்தின் பகுதிகள். ஆங்கில எழுத்துகளை இரு கைகளால் காட்டும் முறை பிரிட்டனிலிருந்து வந்தது. மற்றவை பெரும்பாலும் இம்மண்ணில் வளர்ந்தவை.

இத்தகைய மொழி நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, செவி கேளாக் குழந்தைகளை வாய்ப்பேச்சினால் மட்டுமே பயிற்றுவிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாட்டுப் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டது. 130 ஆண்டுகளுக்குப்பின், 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானத்தின் தீங்குகளுக்கு வருத்தம் தெரிவித்தது. நம் நாட்டில் 2015இல் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் டில்லியில் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட அகராதியில் 2018இல் 3,000 சொற்கள் இருந்தன; 2021இல் அவை 10,000 ஆயின. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சாரா சன்னி என்னும் செவி கேளா வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு சைகையில் வாதாடினார். அச்செய்தியை நாளிதழில் படித்த அன்று எங்கள் தேநீர்க் கடைக் கூட்டம் இரவு கடை அடைக்கும்வரை கலையவில்லை.

அக்கடையைப் பற்றியும் ஒரு சொல். ‘அமிர்ததுல்ய’ என்னும் பெயர் தாங்கிய தேநீர்க் கடைகள் புனேயின் தெருதோறும் உண்டு. எங்கள் கூட்டம் ஞாயிறுதோறும் கூடும் கடையின் உரிமையாளர், சர்க்கரை, இஞ்சி, பாதி, கடன் என நான்கு சைகைகளை எங்களிடம் கற்றார். கடன் என்பதைத்தான் முதலில் கற்றார். இன்று அவர் கடையில் வேலைக்கு நிற்கும் சிறுவனும் எங்களோடு கைபேசுகிறான்.

தாய் கேட்ட கேள்வி

என் அம்மாவுக்கு எழுத்தறிவு இல்லை. எனவே நான் எழுதக் கற்றும் அவரோடு உரையாடப் பயனில்லை. சாப்பிடு, தூங்கு, போ, பணம், காய்ச்சல் என்பன போன்ற சில சாடைகளே எங்களிடையே இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு தாய் மகனை வளர்க்க முடிந்தது. ஆனால் இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிய இயலவில்லை. என் தந்தை காலமானபோதுகூட, ‘இல்லை’ என்ற ஒரு கையசைவைத் தவிர வேறு ஒன்றும் எங்களால் பேச முடியவில்லை.

2016க்குப் பின் கைப்பேசியின் இணையக் கட்டணம் குறைந்தது. முகம் பார்த்துப் பேசும் வசதி எங்கள் வீட்டிற்கும் எட்டியது. என் தங்கை முதலில் சைகைகளைக் கற்றாள். அம்மாவுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அறுபது வயதைத் தாண்டிய விரல்கள் முதலில் வளைய மறுத்தன. ஓராண்டு சென்றிருக்கும். ஒருநாள் இரவு திரையில் அம்மாவின் கைகள் மெல்ல அசைந்தன: ‘அங்கே, உன்னோடு, பேச, யார்?’ வினாச்சொல்லை முறைப்படி இறுதியில் வைத்தே கேட்டார். முப்பதாண்டுக்கால வாழ்வில், உணவையும் உடல்நலத்தையும் தவிர்த்து அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி அது. என் நண்பர் ஒவ்வொருவர் பெயரையும் நான் கூறக் கூற அவர் தலையசைத்தார். பின் தந்தையைப் பற்றிப் பேசினோம். பத்தாண்டுகள் தாமதமாக நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு குழந்தை. சென்ற பொங்கல் கூட்டத்தில், கட்கியில் வாழும் நம் சங்கக் குடும்பம் ஒன்றின் நான்கு வயதுப் பெண்குழந்தையைக் கண்டேன். பிறவியிலேயே செவிப்புலன் மிகக் குன்றியவள். கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். எதிரே அமர்ந்து முறுக்கைக் காட்டிக் கையால் ஒரு சொல் கூறினேன். திகைத்தாள், பின் அதையே திருப்பிக் காட்டினாள். விருந்து முடிவதற்குள் முறுக்கு, தண்ணீர், இன்னும், போதும், அம்மா, பாட்டி என ஆறு சொற்கள் அவளுடையவாயின. ‘இன்னும்’ என்பதை மட்டும் ஓயாமல் கூறிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தாய் தம் கைப்பேசியில், “அண்ணா, கையால் பேசப் பழகினால் வாயால் பேசமாட்டாள் என்கிறார்களே, உண்மையா?” என்று எழுதிக் கேட்டார். பாட்டியம்மாவோ, “ஊருக்குக் கொண்டுபோய் நேர்ந்துகொள்ளலாம், தம்பி, நாலு பேர் பார்க்கக் கையை ஆட்டவைக்காதே” என்று மருமகளின் வழியே எழுதுவித்தார். இருவர்க்கும் கூறிய விடையையே இங்கும் தருகிறேன்.

சைகை வாய்ப்பேச்சைக் கெடுப்பதில்லை. செவி கேளாப் பெற்றோர்க்குப் பிறந்து தொட்டிலிலிருந்தே சைகையைக் கண்டு வளரும் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் பருவத்திலேயே கையால் மழலை பேசுவதை அறிஞர் பதிவு செய்துள்ளனர். மொழி வேர்பிடிக்கும் காலம் முதல் ஐந்தாறு ஆண்டுகள். அந்நாளில் எந்த மொழியேனும் முழுமையாகக் குழந்தைக்குக் கிட்ட வேண்டும். ஒரு மொழி வேரூன்றினால் பிற மொழிகள் அதன்மேல் படரும். கேட்புக் கருவியும், காதினுள் கருவி பொருத்தும் அறுவையும் இன்று உள்ளன. இளவயதில் செய்தால் பல குழந்தைகளுக்கு நற்பயன் தருகின்றன. அவற்றை வேண்டாம் என்று நான் கூறவில்லை. மருத்துவரைத் தாமதமின்றிக் காணுங்கள். ஆனால் பயன் எல்லோர்க்கும் ஒரே அளவினது அன்று. பொருத்தியபின்பும் நெடும் பயிற்சி வேண்டும். அக்கருவி பலன்தரும் நாள்வரை குழந்தையை மொழியின்றிக் காத்திருக்க வைக்கலாகாது.

நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்திற்கும் இடமில்லை. பரதநாட்டிய மேடையில் கைமுத்திரைகளைக் கண்டு மெய்ம்மறக்கும் சமூகம் நம்முடையது. வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். குறிப்பறிதலுக்கோ இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். மேடையில் பேசும் கைக்கு மாலையிடும் நாம், வீட்டில் பேச விழையும் குழந்தையின் கையைத் தட்டிவிடலாமா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் செவிப்புலன் குன்றியோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுட் சிலர் நம் சங்கத்து இல்லங்களிலும் இருத்தல் இயல்பே. மராத்தி மொழியை நாம் எவ்வாறு கற்றோம்? பிழைக்க வேண்டும் என்பதால் கற்றோம். பால்காரரிடமும் பேருந்திலும் தட்டுத்தடுமாறிப் பேசி, பிறர் நகைத்தாலும் பொருட்படுத்தாது கற்றோம். பிழைப்புக்காக ஒரு மொழி கற்றவர், பெற்ற பிள்ளைக்காக இன்னொன்று கற்க இயலாதா? செலவு ஒன்றுமில்லை, மேற்சொன்ன அகராதி கைப்பேசியில் இலவசமாகக் காணக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து சொல் கற்றால் ஓராண்டில் ஆயிரத்தெண்ணூறு சொற்கள் ஆகும்; ஒரு குழந்தையோடு கதை பேச அது போதும்.

சங்கத்தின் செயற்குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். உலகச் செவி கேளாதோர் கூட்டமைப்பு 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரோமில் தோன்றியது. அந்நாளையே ஐக்கிய நாடுகள் அவை சைகைமொழி நாளாக அறிவித்து, 2018 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. வருகிற செப்டம்பரில் நம் மன்றத்தில் ஒரு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தால், நானும் என் மராத்திய நண்பர் இருவரும் வந்து சைகை கற்பிப்போம். கட்டணம் வேண்டா, விளக்கு வெளிச்சம் மட்டும் நன்றாக இருத்தல் வேண்டும்.

கட்கிக் குடும்பத்தார் இப்போது மாதமிருமுறை என் அறைக்கு வருகின்றனர். குழந்தைக்கு நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் தெரியும்; தந்தைக்கு அதில் பாதி. மருத்துவமனையில் கருவி பொருத்துவது பற்றியும் ஆலோசனை நடைபெறுகிறது. பாட்டியம்மா இன்னும் கற்க இசையவில்லை. ஆனால் சென்றமுறை, பேத்தி தம் மூக்குத்தியைச் சுட்டி ஏதோ கேட்டபோது, அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் காணவில்லை என்று எண்ணித் தாமும் தம் மூக்கைத் தொட்டு விடை கூறினார். நான் கண்டேன், காணாததுபோல் இருந்துவிட்டேன்.